இரண்டு கோப்புகள்: உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தியின் ஆங்கில இலக்கணமும் இலக்கியமும்

2023 ஜனவரி கடைசி வாரம். சிங்கப்பூரின் ஈசூனில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உயர்நிலை மூன்றில் (ஒன்பதாம் வகுப்பு மாதிரி) படித்த அந்த மாணவி இரண்டு கோப்புகளை எடுத்து வைத்தாள். நீலக் கோப்பு ஆங்கிலப் பாடத்துக்கு, சிவப்புக் கோப்பு ஆங்கில இலக்கியத்துக்கு. நீலத்தில் இலக்கணப் பயிற்சித் தாள்கள் கனமாக இருந்தன. டென்ஸ், ஒருமை பன்மை, பிரெபொசிஷன் என்று வண்ண அட்டை வைத்துப் பிரித்திருந்தாள். சிவப்பில் நாவலின் அத்தியாயச் சுருக்கங்கள், பாத்திரக் குறிப்புகள், மனப்பாடம் செய்யவேண்டிய மேற்கோள்கள் இருந்தன. நீலக் கோப்பில் படித்த எதுவும் சிவப்புக் கோப்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே படித்ததும் இங்கே வரவில்லை.

இந்த நிகழ்வு ஆய்வை நான் எழுதக் காரணம் அந்த இரண்டு கோப்புகள்தான். பதினோரு ஆண்டுகளாக வீட்டில் ஆங்கிலத் துணைப்பாடம் நடத்துகிறேன். ‘கதையெல்லாம் நன்றாகப் புரிகிறது, எழுதினால் மதிப்பெண் வருவதில்லை’ என்ற குறையோடு வரும் தமிழ்ப் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இந்த மாணவியோடு இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தபோதுதான் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபட்டது. குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரும் பள்ளியும் வேண்டாம்.

பின்னணி

அப்பா இங்கேயே பிறந்தவர், பேருந்து ஓட்டுநர். அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். வீட்டில் அம்மாவோடு முழுக்கத் தமிழ், தம்பியோடு பாதி ஆங்கிலம், பள்ளித் தோழிகளோடு சிங்லிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம். வாரத்துக்கு ஒருமுறை நூலகம் போகிற பிள்ளை. அவள் அம்மா முதல் நாள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “டீச்சர், எப்பப் பாத்தாலும் புத்தகமும் கையுமாத்தான் இருக்கா. படிச்ச கதைய உட்கார வச்சு அழகாச் சொல்றா. எழுதினா மட்டும் மார்க்கு வர மாட்டேங்குது.”

உண்மைதான். முந்தைய ஆண்டு இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் 46, அதாவது டி7. ஏ1 முதல் எஃப்9 வரையிலான தரவரிசையில் அது தேர்ச்சிக்குச் சற்றுக் கீழே. இலக்கியத்தில் முன்பின் பார்த்திராத கவிதைக்கான கேள்வியில் 25க்கு 9. அதற்கு முன் ஒரு துணைப்பாட நிலையத்தில் ஓராண்டு படித்திருக்கிறாள். அங்கே மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் செய்தாள். தேர்வில் வேறு தலைப்பு வந்தது.

தேர்வு அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் பொதுத்தேர்வான சாதாரண நிலைத் தேர்வில் (ஓ லெவல்) ஆங்கிலத்தின் முதல் தாள் 70 மதிப்பெண், ஒரு மணி 50 நிமிடம். அதில் பிழைதிருத்தம் 10, சூழல் சார்ந்த எழுத்து 30, கட்டுரை 30. அவள் இலக்கியத்தை முழுப்பாடமாக எடுக்கவில்லை. சமூகக் கல்வியோடு சேர்ந்த அரைப் பாடமாக எடுத்திருந்தாள். அந்தத் தாளுக்கு ஒரு மணி 40 நிமிடம், 50 மதிப்பெண். பாதி நாவலுக்கு, பாதி முன்பின் பார்த்திராத பகுதிக்கு. தொடக்கக் கல்லூரிக்குப் போனாலும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனாலும் சேர்க்கைக்குக் கணக்கிடும் கூட்டுப் புள்ளியில் ஆங்கிலம் கட்டாயம் சேரும். அதனால்தான் பெற்றோருக்கு அந்த டி7 அவ்வளவு பெரிய கவலை. 2027 முதல் இந்தத் தேர்வுக்குச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்று பெயர் மாறுகிறது. பெயர் மாறினாலும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதல் ஆறு வாரங்கள்

நானும் முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். பிராஸ் பாசா புத்தகக் கடையில் இலக்கணப் பயிற்சி நூல்கள் இரண்டு, பழைய தேர்வுத் தாள்களின் தொகுப்பான டென் இயர் சீரிஸ் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். வாரம் இரண்டு பிழைதிருத்தம். பன்னிரண்டு வரிகள், முதல் வரியும் கடைசி வரியும் சரி, நடுவில் உள்ள பத்தில் எட்டு வரிகளில் தலா ஒரு பிழை, இரண்டு வரிகள் பிழையற்றவை. இது பழகப் பழக வருகிற வேலை. 10க்கு 3 வாங்கிக்கொண்டிருந்தவள் ஆறாவது வாரம் 7 வாங்கினாள். எனக்கும் மகிழ்ச்சி.

அந்த வாரமே ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். பிழைதிருத்தத்தில் அவள் கண்டுபிடித்த அதே பிழைகள் அத்தனையும் கட்டுரையில் இருந்தன.

அப்போது எனக்கு ஏற்பட்ட சோர்வு சாதாரணமானதல்ல. பிழைதிருத்தத்தில் ‘இந்த வரியில் பிழை இருக்கலாம்’ என்று எச்சரித்துவிட்டுத்தான் வரியைக் கொடுக்கிறார்கள். அவள் சந்தேகத்தோடு படிக்கிறாள், கண்டுபிடிக்கிறாள். கட்டுரையில் கதை ஓடுகிறது, கை அதன் பின்னால் ஓடுகிறது. அங்கே எழுதுவது விதியல்ல, பழக்கம். பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேலும் நூறு தாள் கொடுத்தாலும் நூறு தாளும் நீலக் கோப்புக்குள்தான் போய்ச் சேரும்.

தமிழ்க் கட்டுரைப் புத்தகம்

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, தமிழ் வீட்டுப்பாடம் முடியவில்லை என்று தமிழ்ப் புத்தகத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் சும்மா புரட்டினேன். நல்ல தமிழ். அதில் ஒரு வாக்கியம்: ‘பாட்டி விடியற்காலையில் எழுந்து, பாலைக் காய்ச்சி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தாத்தாவுக்காகக் காத்திருந்தார்.’

அதே பாட்டியைப் பற்றி ஆங்கிலத்திலும் முந்தைய வாரம் எழுதியிருந்தாள். எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ‘மை கிராண்ட்மதர் வேக் அப், பாயில் தி மில்க், சிட் பை தி விண்டோ அண்ட் வெயிட்டட் ஃபார் மை கிராண்ட்ஃபாதர்.’

கடைசி வினை மட்டும் சரியான இறந்தகாலம். முன்னால் உள்ள மூன்றும் மொட்டையாக நிற்கின்றன.

தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். எழுந்து, காய்ச்சி, உட்கார்ந்து எல்லாம் வினையெச்சங்கள். ‘நாளை எழுந்து பாலைக் காய்ச்சுவேன்’ என்றாலும் அதே ‘எழுந்து’தான். செயல் எப்போது நடந்தது, யார் செய்தார் என்ற பொறுப்பைத் தமிழில் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் வினைமுற்று ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘அண்ட்’ போட்டு அடுக்கினால் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்கவேண்டும். அவள் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தமிழ் வாக்கியத்தைக் கட்டியிருக்கிறாள்.

சிங்லிஷ் பழக்கமாக இருக்கக் கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று பிள்ளைகள் பேசுவதைத் தினமும் கேட்கிறோம். ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் காரணமாக இருந்தால் கடைசி வினையும் மொட்டையாகத்தானே இருக்கவேண்டும்? அவளுடைய மூன்று கட்டுரைகளை எடுத்துக் காலம் தவறிய வினைகளை எல்லாம் வட்டமிட்டேன். முக்கால்வாசிக்கு மேல் வாக்கியத்தின் நடுவில்தான் இருந்தன. முடிவில் நிற்பவை பெரும்பாலும் சரி.

அவள் திரும்பி வந்ததும் இரண்டு வாக்கியங்களையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “டீச்சர், அப்ப நான் தப்பா எழுதல, தமிழ்ல எழுதியிருக்கேன்” என்றாள். இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

அன்றிலிருந்து நீலக் கோப்பில் உள்ள ஒவ்வொரு பிழை வகைக்கும் தமிழில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறாரா என்று தேட ஆரம்பித்தோம். நிறையவே கிடைத்தார்கள்.

‘தி பாய்ஸ் ரன்ஸ்’ என்று எழுதுவாள். தமிழில் ‘சிறுவர்கள் ஓடுகிறார்கள்’. பெயரிலும் கள், வினையிலும் கள். பெயரில் எஸ் வந்தால் வினையிலும் எஸ் வரவேண்டும் என்று கை நினைக்கிறது. ஆங்கிலத்தில் அது நேர் எதிர். படர்க்கை ஒருமைக்குத்தான் நிகழ்கால வினையில் எஸ்.

‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி’ இன்னொன்று. தமிழில் ‘மாம்பழப் பெட்டி’. தலைமைச் சொல்லான பெட்டி கடைசியில், வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் பெட்டி முன்னால் போய்விடுகிறது, வினைக்குப் பக்கத்தில் மாம்பழங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பக்கத்தில் உள்ள பெயரைப் பார்த்தே வினையைப் போட்டுப் பழகிய கை ஏமாந்துபோகிறது. பிழைதிருத்தத்தில் இந்த வகைப் பிழை அடிக்கடி வரும்.

‘டிட் நாட் வென்ட்’ என்பது நான் வினைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு புதிதாக வந்த பிழை. எல்லா வினைக்கும் இறந்தகாலம் போடவேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். அதற்கும் தமிழ்தான் கைகொடுத்தது. ‘போகவில்லை’ என்பதில் ‘போக’ காலம் காட்டுகிறதா? இல்லை. அதேபோல ‘டிட் நாட்’ வந்துவிட்டால் காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொள்ளும், ‘கோ’ அப்படியே நிற்கும். ஒரே நாளில் அந்தப் பிழை போய்விட்டது.

பிறர் சொன்னதை எழுதுவதில் ‘என்று’ குறுக்கே வந்தது. ‘நான் வருவேன் என்று சொன்னான்’ என்பதில் அவன் வாயிலிருந்து வந்தது அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹி செட் தட்’ போட்டால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காலமும் ஒரு படி பின்னால் போகவேண்டும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகவேண்டும். ‘அட்வைசஸ்’ எங்கிருந்து வந்தது? அறிவுரைகள் என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோமே, அங்கிருந்துதான்.

சிங்லிஷையும் நான் விரட்டவில்லை. 2000ஆம் ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கிய காலத்திலிருந்து சிங்லிஷைப் பற்றி இங்கே வாக்குவாதம் ஓயவில்லை. பிள்ளை தன் தோழியோடு பேசும் மொழியைக் குற்றம் சொல்லி அவளிடமிருந்து எதையும் வாங்க முடியாது என்பது என் கருத்து. ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்பதில் ‘ஆல்ரெடி’ என்ன வேலை செய்கிறது? ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதில் ‘விட்டேன்’ செய்யும் வேலை. முடிந்தது, அதன் விளைவு இப்போது இருக்கிறது. தேர்வுத் தாளில் அந்த வேலையை ‘ஹேவ் ஈட்டன்’ செய்யும். ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். தமிழில் ‘நேற்றே சாப்பிட்டுவிட்டேன்’ என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ போடக்கூடாது, ‘ஏட்’ என்ற எளிய இறந்தகாலம்தான்.

சிவப்புக் கோப்பு

இலக்கியத்துக்கு இந்த வேலை பயன்படும் என்று ஆரம்பத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. அதையும் அவள் தமிழ்ப் புத்தகம்தான் காட்டிக்கொடுத்தது.

இலக்கியக் கட்டுரையில் அவள் காலம் தாறுமாறாக இருந்தது. நாவலில் ஒருவன் பொய் சொன்னான், பிறகு பொய் சொல்கிறான், எழுத்தாளர் காட்டினார், பிறகு காட்டுகிறார். நூலைப் பற்றி எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதவேண்டும் என்று பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் பலமுறை எழுதியிருந்தார். அவளுக்கு அது காரணமில்லாத கட்டளையாகத் தெரிந்தது. கதை நடந்து முடிந்துவிட்டதே, எதற்கு நிகழ்காலம்?

தமிழ்க் கட்டுரையைத் திருப்பிக் காட்டினேன். குறள் ஒன்றை எழுதிவிட்டு, ‘என்று வள்ளுவர் கூறுகிறார்’ என்று எழுதியிருந்தாள். “வள்ளுவர் எந்தக் காலத்து ஆளு? ஏன் கூறினார்னு எழுதல?” என்று கேட்டேன். யோசித்தாள். “குறள் இப்பவும் இருக்கே டீச்சர். திறந்தா சொல்றாரே.” அவ்வளவுதான். நாவலும் திறந்தால் சொல்கிறது. அந்தப் பக்கத்தில் அவன் இப்போதும் பொய் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். இரண்டு ஆண்டாகச் சிவப்பு மையால் முடியாதது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதற்கப்புறமும் சறுக்கினாள், ஆனால் சறுக்கியதைத் தானே பிடித்தாள்.

அடுத்தது முன்பின் பார்த்திராத கவிதை. அவளுக்கு அங்கே பயம். சொல்லணிகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். உவமை இருக்கிறதா, உருவகம் இருக்கிறதா என்று தேடுவாள். கிடைத்தால் பெயர் சொல்லி, ‘இது வாசகரைச் சோகமாக்குகிறது’ என்று முடிப்பாள். கிடைக்காவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்காக ஆங்கிலத்தில் பத்து வரிகள் நானே எழுதினேன். உவமை, உருவகம் எதுவும் வைக்கவில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு முதியவர். யாரோ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன மர நாற்காலியைத் தூணோரம் இழுத்துப் போடுகிறார், துடைக்கிறார், செய்தித்தாளை விரிக்கிறார், பள்ளி விட்டுவரும் பிள்ளைகளுக்குக் கையாட்டுகிறார். ஆறு வரிகள் இப்படி. ஏழாவது வரி: ‘திங்கட்கிழமை நாற்காலி அகற்றப்பட்டது.’ கடைசி மூன்று வரிகளில் அவர் நிற்கிறார், செய்தித்தாள் மடித்தபடியே இருக்கிறது.

சொல்லணி ஒன்றும் இல்லை என்று தாளைத் திருப்பித் தந்தாள். “சொல்லணி வேண்டாம். வினைகளை வட்டமிடு. ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எதுவென்று அம்புக்குறி போடு” என்றேன். நீலக் கோப்பு வேலைதானே, சுறுசுறுப்பாகச் செய்தாள். இழுக்கிறார், அம்புக்குறி முதியவருக்கு. துடைக்கிறார், முதியவருக்கு. விரிக்கிறார், முதியவருக்கு. அகற்றப்பட்டது. பென்சில் நின்றுவிட்டது.

“நாற்காலிக்குப் போடு, அதுதான் எழுவாய்” என்றேன்.

“அது சரி டீச்சர். ஆனா யாரு எடுத்தாங்க?”

நான் பதில் சொல்லவில்லை. அவளே மறுபடியும் படித்தாள். “பேரே இல்ல. நகர மன்றமா, துப்புரவு செய்றவங்களா… போடவே இல்ல. அவரு யாருகிட்டப் போய்க் கேப்பாரு?” அவள் குரலில் கோபம் இருந்தது. கவிதையைப் பற்றி அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

“இப்ப சொன்னத எழுது” என்றேன்.

எழுதியதைத் தமிழில் தருகிறேன். ‘ஆறு வரிகளில் முதியவரே எல்லா வினைகளுக்கும் எழுவாய். அவர் தன் சின்ன உலகத்தைத் தானே நடத்துகிறார். ஏழாவது வரியின் செயப்பாட்டு வினை அந்த இடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அகற்றியவரைக் கவிஞர் மறைப்பதால், முறையிடக்கூட ஆளில்லாத நிலையில் முதியவர் விடப்படுகிறார். எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகமாக வருகிறது.’ எழுத்தாளர் தேர்ந்தெடுத்த மொழி எப்படிப் பொருளை உண்டாக்குகிறது என்று காட்டவேண்டும், மாணவரின் சொந்த எதிர்வினையும் தெரியவேண்டும் என்றுதான் இலக்கியத் தேர்வு கேட்கிறது. இரண்டும் இந்த நாலு வரியில் இருக்கின்றன. ‘இது வாசகரைச் சோகமாக்குகிறது’ என்று எழுதிய அதே பிள்ளை!

அதன் பிறகு எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் அவள் முதலில் பார்ப்பது வினை. காலம் எங்கே மாறுகிறது? எழுவாய் எங்கே மாறுகிறது? ‘நான்’ எப்போது ‘நாங்கள்’ ஆகிறது? கட்டளை வினை யாரைப் பார்த்து வருகிறது? வினையே இல்லாத வரி இருந்தால் அது ஏன் அப்படி நிற்கிறது? சொல்லணிப் பட்டியலைத் தூக்கிப் போடவில்லை. அதை இரண்டாவதாகப் பார்த்தாள்.

எழுத்து அமைப்புக்கு இங்குள்ள பள்ளிகளில் பரவலாகச் சொல்லித்தருவது கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்ற நான்கு படிகள். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிள்ளைகள் பீல் என்பார்கள். அது நல்ல ஏணி. ஆனால் மூன்றாவது படியில் எல்லாரும் ‘திஸ் ஷோஸ் தட்’ என்று ஏறுகிறார்கள். ‘திஸ்’ எதைக் குறிக்கிறது என்று எழுதுபவருக்கே தெரிவதில்லை. அவளுக்கு இரண்டு கட்டுப்பாடு வைத்தேன். ‘திஸ்’ போட்டால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வரவேண்டும்: இந்த மௌனம், இந்தச் செயப்பாட்டு வினை, இந்தத் திடீர்க் கால மாற்றம். அடுத்து, ‘ஷோஸ்’ ஒரு பக்கத்துக்கு ஒருமுறைதான். எழுத்தாளர் காட்டுவதோடு நிற்பதில்லை. மறைக்கிறார், வற்புறுத்துகிறார், கேலி செய்கிறார், தயங்குகிறார். எது என்று முடிவு செய்தால்தான் அந்த வினையை எழுதமுடியும். வினையைத் தேடும்போதே சிந்தனை தெளிவாகிவிடுகிறது.

முன்னோட்டத் தேர்வும் அதன் பிறகும்

எல்லாம் ஏறுமுகமாக இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு இல்லை. பிள்ளைகளின் மனச்சுமை குறைந்தது நல்லதுதான், ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கம் குறைந்துவிட்டது. பொதுத்தேர்வுக்கு முன் பள்ளி நடத்தும் 2024 முன்னோட்டத் தேர்வில் இலக்கியத் தாளின் இரண்டாம் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டாள். கவிதைக்கு வட்டமும் அம்புக்குறியும் போட்டே இருபது நிமிடம் போயிருக்கிறது. அழுதுகொண்டே வந்தாள். கற்றுக்கொடுத்தவளுக்கும் அதில் பங்கு உண்டு. நேரத்தை வைத்து நான் அவளைப் பழக்கவில்லை.

மீதி இருந்த ஏழு வாரமும் கடிகாரத்தோடுதான். 50 நிமிடத்துக்கு ஒரு கேள்வி. பத்து நிமிடம் படிக்கவும் குறிக்கவும், 35 நிமிடம் எழுதவும், கடைசி ஐந்து நிமிடம் வினைகளை மட்டும் சரிபார்க்கவும். கவிதையில் எல்லா வினையையும் வட்டமிடக்கூடாது. மாற்றம் நிகழும் இடத்தில் உள்ள இரண்டு மூன்று வினைகள் போதும். நாவலுக்கு நீண்ட மேற்கோள்களை எல்லாம் சிவப்புக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டோம். ஒவ்வொரு முக்கியக் காட்சிக்கும் நாலைந்து சொல் கொண்ட துணுக்கு ஒன்று, அதில் பேசத் தகுந்த வினை ஒன்று. பேருந்தில் போகும்போதே நினைவுபடுத்திக்கொள்ள முடிகிற அளவு.

எங்களால் முழுதாகத் தீர்க்க முடியாதது ‘ஏ’யும் ‘தி’யும்தான். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆனால் ‘புத்தகம் படித்தேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதற்கும் வேறுபாடு நம் காதுக்குத் தெரியும். முதலாவது ஏதோ புத்தகம். இரண்டாவது நமக்கு ஏற்கெனவே தெரிந்த புத்தகம். அந்த ‘ஐ’ வருகிற இடத்தில் பெரும்பாலும் ‘தி’ வரும் என்று ஒரு குறுக்குவழி கொடுத்தேன். செயப்படுபொருளில் அது ஓரளவு வேலை செய்தது. எழுவாயில் வேற்றுமை உருபே இல்லையே, அங்கே ‘அந்த’ போட்டுச் சொல்லிப் பார் என்றேன். பாதி நேரம் சரி, பாதி நேரம் தவறு. ஆர்ட்டிகிளுக்கு நிறைய வாசிப்பைத் தவிர வேறு வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை. அவள் குறுஞ்செய்திகளில் இன்றும் ‘தி’ காணாமல் போகிறது.

முன்னோட்டத் தேர்வில் பிழைதிருத்தத்துக்கு 10க்கு 8, முடித்திருந்த நாவல் கேள்விக்கு 25க்கு 15. 2025 ஜனவரியில் தேர்வு முடிவு வந்தது. ஆங்கிலம் பி4, சமூகக் கல்வியும் இலக்கியமும் சேர்ந்த பாடம் பி3. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவள் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ தமிழ் பேசுறதாலதான் இங்கிலீஷ் வரலன்னு எல்லாரும் சொன்னாங்க டீச்சர். வீட்டுல தமிழ நிறுத்திடலாமான்னுகூட நெனச்சேன்” என்றார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடுதான், பத்தாண்டுக்கு முன் 3.3 விழுக்காடாக இருந்தது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது.

இந்த ஒரு பிள்ளைக்கு நடந்தது எல்லாப் பிள்ளைக்கும் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டில் தமிழே பேசாத தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய பிழைகள் வேறு வகை, நடுவினை கடைசிவினை என்ற வேறுபாடு அவர்களிடம் தெரிவதில்லை. அவர்களுக்கு இந்த வழி பாதிதான் உதவும். ஆனால் தமிழில் தடையில்லாமல் எழுதும் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும். அதைத் தேடாமல் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆறு வாரங்களை நான் வீணாக்கியிருக்க வேண்டியதில்லை. இப்போது புதிதாக வருகிற பிள்ளையிடம் முதல் நாளைக்கு இரண்டு புத்தகங்கள் கொண்டுவரச் சொல்கிறேன். ஒன்று ஆங்கிலக் கட்டுரை, இன்னொன்று தமிழ்க் கட்டுரை. “இங்கிலீஷ் டியூஷனுக்குத் தமிழ்ப் புத்தகம் எதுக்கு டீச்சர்?” என்று போன வாரம் ஒரு பையன் கேட்டான். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒரு பென்சிலைக் கையில் கொடுத்தேன்.